சோர்கின் விலகிய பிறகு வெஸ்ட் விங் பார்க்கலாமா? (எழுத்தாளர் மாறிய தொடர்கள் பற்றிய இழை)

தூக்கம்கெட்டவன்

அமெரிக்க வெள்ளை மாளிகை ஊழியர்களைப் பற்றிய தி வெஸ்ட் விங் தொடரின் நான்காவது சீசனை நேற்று இரவு முடித்தேன். ஊரே பார்த்து முடித்து இருபது வருடம் ஆகிறது, தெரியும். சூட்டோடு சூடாக ஐந்தாவதைப் போடப் போனேன். தொடரை உருவாக்கி எழுதிய ஆரோன் சோர்கின் 2003-ல் இதோடு விலகிவிட்டார் என்று எங்கோ கண்ணில் பட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த நான்கு சீசன்களில் ஏறக்குறைய எல்லா எபிசோடிலும் எழுத்து என்று அவர் பெயர்தான் வருகிறது. ஒருவர் சொன்ன கடைசிச் சொல்லை இன்னொருவர் கேள்வியாகத் திருப்பிப் போடுவார். அவர் அதையே பதிலாக்கி மறுபடி வீசுவார். இரண்டு பேரும் அதற்குள் மூன்று தாழ்வாரம் கடந்திருப்பார்கள். எனக்கு இந்தத் தொடரே அதுதான். அரசியல் எல்லாம் அப்புறம். அவர் இல்லாமல் ஜோஷும் டோபியும் சி.ஜே.யும் எப்படிப் பேசுவார்கள்? அதே முகங்கள் வேறு யாரோ போலப் பேசுவதைப் பார்க்க வேண்டுமா?

அதுவும் எந்த இடத்தில் விட்டுப் போயிருக்கிறார் பாருங்கள். ஜனாதிபதியின் மகளைக் கடத்திவிட்டார்கள். துணை ஜனாதிபதி கொஞ்ச நாள் முன்புதான் ராஜினாமா செய்தார், அந்த நாற்காலி காலி. ஜனாதிபதி பார்ட்லெட் தன் அதிகாரத்தை எதிர்க்கட்சி சபாநாயகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போகிறார். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்க்கிற வேலையை அடுத்த ஆள் தலையில் கட்டியிருக்கிறார்.

தொடரலாமா, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா? உங்களுக்குப் பிடித்த தொடரில் இப்படி நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஐந்தாவது சீசன் கதையை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

சப்டைட்டில்

பாருங்கள். ஐந்து தடுமாறும். ஆறும் ஏழும் எழுந்து நிற்கும். அவ்வளவுதான்.

கோடைமழை

நான் நிறுத்தச் சொல்லும் கட்சி.

கில்மோர் கேர்ள்ஸ் பார்த்தவர்களுக்கு என் வலி புரியும். தொடரை உருவாக்கி ஆறு சீசன் நடத்திய ஏமி ஷெர்மன்-பல்லடீனோ 2006-ல் ஒப்பந்தப் பேச்சு சரிவராமல் கணவரோடு விலகினார். ஏழாவது சீசனை டேவிட் ரோசந்தால் ஏற்றார். அவர் வெளியாள் இல்லை, ஏற்கனவே அதே குழுவில் எழுதிக்கொண்டிருந்தவர்தான். அம்மா, மகள், ஊர், காபி, எதுவும் மாறவில்லை. ஆனால் ஏழாவது சீசனில் அம்மா லோரலாய் ஒரு ஜோக் சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்கிறாள். முதல் ஆறு சீசனில் அவள் நிற்கவே மாட்டாள். அடுத்த வாக்கியம் முந்தைய சிரிப்பின் மேலேயே ஏறிப் போகும். அந்தத் தொடரின் திரைக்கதைகள் மற்ற ஒரு மணி நேரத் தொடர்களுடையதைவிட மிக நீளமானவை. அவ்வளவு பக்கத்தையும் அதே நேரத்துக்குள் பேசி முடித்தாக வேண்டும், வேகம் அதிலிருந்து வந்தது. ஏழாவதில் எல்லோருக்கும் மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது.

கதையில் என்ன நடந்தது என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு நொடி நிறுத்தம்தான்.

பழைய ஆன்டெனா

கோடைமழை சொன்ன அந்த ஒரு நொடியில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எழுத்தாளர் மாறுகிறார் என்றதும் நாம் எல்லோரும் 'இனி கதை என்ன ஆகும்' என்று கேட்கிறோம். கதைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதை ஓர் அறையில் பல பேர் உட்கார்ந்து பேசி உருட்டுகிறார்கள். தலைவர் போனாலும் அவர்களில் பலர் அங்கேயே இருப்பார்கள். போவது கடைசிக் கை. யார் எழுதிய எபிசோடானாலும் படப்பிடிப்புக்குப் போகும் முன் அதன் மேல் கடைசியாக ஓடுகிற பேனா.

பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூ 2005-ல் மறுபடி தொடங்கியபோது ரஸ்ஸல் டி டேவிஸ் தலைமை எழுத்தாளர். எபிசோடுகள் பலர் பெயரில் வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை டேவிஸ் உட்கார்ந்து திருத்தி எழுதினார், சிலவற்றை ஏறக்குறைய புதிதாகவே எழுதினார். டைட்டிலில் அவர் பெயர் வராது. ஊருக்குத் தெரியாத ரகசியமும் இல்லை, பிறகு அவரே விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கை வைக்காமல் அப்படியே விட்ட வெகு சிலரில் ஒருவர் ஸ்டீவன் மொஃபாட். மொஃபாட் எழுதிய கதைகள் 2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாக அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கின.

எனவே 2008-ல் 'அடுத்த தலைமை எழுத்தாளர் மொஃபாட்' என்று அறிவித்ததும் ரசிகர்களில் பாதிப் பேர் குதித்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை வந்து எல்லோரையும் அலற வைத்துவிட்டுப் போனவர் இனி முழு வருடமும் எழுதப் போகிறார்! நடந்தது வேறு. ஒரு நல்ல எபிசோட் எழுதுவது ஒரு வேலை, மற்ற எல்லோருடைய எபிசோடுக்கும் கடைசிக் கையாக இருப்பது முற்றிலும் வேறு வேலை. அவர் காலத்தில் புதிர்கள் பெரிதாகின, சீசன் சீசனாக நீண்டன. எனக்கு அவை பிடிக்கும். என் வீட்டில் மற்றவர்களுக்குத் தலை சுற்றியது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டோபி விட்ஹவுஸ் இரண்டு பேர் காலத்திலும் எழுதியவர். டேவிஸ் காலத்து 'ஸ்கூல் ரீயூனியன்' (2006), மொஃபாட் காலத்து 'தி வாம்பயர்ஸ் ஆஃப் வெனிஸ்' (2010) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் வேற்றுக்கிரகவாசிகள் எல்லாம் சும்மா ஒரு சாக்கு. பல வருடம் முன்பு டாக்டர் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், அவர் முன் நின்று ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்பதற்காகவே அந்த எபிசோட் இருக்கிறது. இரண்டாவதில் அப்படி நின்று அழ யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டு ஓடுகிறார்கள். எழுதியவர் ஒருவரே.

வெஸ்ட் விங்குக்கு வந்தால் பயம் இன்னும் நியாயம். அங்கே சோர்கின் கடைசிக் கை மட்டுமில்லை, முதல் கையும் அவர்தான்.

கேள்விக்குறி

ஆன்டெனா சார், எல்லாம் சரி. கை மாறினால் கெட்டுத்தான் போகும் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்?

சைன்ஃபெல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி சைன்ஃபெல்டோடு சேர்ந்து அதை உருவாக்கிய லாரி டேவிட் ஏழாவது சீசனோடு 1996-ல் விலகினார். எட்டையும் ஒன்பதையும் ஜெர்ரி சைன்ஃபெல்டே முன்னின்று நடத்தினார். எபிசோட் தொடக்கத்தில் வரும் மேடைப் பேச்சு காணாமல் போனது. கதைகள் வேகமாயின, கிறுக்குத்தனம் கூடியது. லாரி இருந்தபோது எல்லாமே ஒரு சின்ன எரிச்சலில் தொடங்கி அதிலேயே சிக்கிச் சுற்றும். அந்தக் கசப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் 'யாடா யாடா', 'பிஸாரோ ஜெர்ரி' எல்லாம் அந்தக் கடைசி இரண்டு சீசனில்தான் வந்தன. ஒன்பதாவது சீசன் அமெரிக்காவில் அந்த வருடத்தின் முதலிடத் தொடர்.

வேடிக்கை என்னவென்றால், 1998-ல் கடைசி எபிசோடை எழுத லாரி டேவிட்டையே திரும்ப அழைத்தார்கள். ரசிகர்கள் இன்றுவரை அடித்துக்கொள்வது எந்த எபிசோடைப் பற்றி? அதைப் பற்றித்தான்.

சப்டைட்டில்

அதே லாரி டேவிட்தான் சோர்கினுக்கு அறிவுரை சொன்னவர். விலகியதும் கூப்பிட்டு, அந்தத் தொடரை இனிப் பார்க்கவே பார்க்காதே என்றாராம். நன்றாக இருந்தாலும் வயிறு எரியும், மோசமாக இருந்தாலும் வயிறு எரியும் என்பது அவர் கணக்கு. கேட்காமல் ஐந்தாவது சீசன் முதல் எபிசோடைப் போட்ட சோர்கின் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் அணைத்துவிட்டார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தூக்கம்கெட்டவனே, உங்கள் நிலைமை அவரைவிடப் பரவாயில்லை.

படிப்பறை ஆறு

கம்யூனிட்டி (கல்லூரியில் நடக்கும் நகைச்சுவைத் தொடர்) ஆள் ஒருவனாவது வர வேண்டாமா, வந்துவிட்டேன்.

மூன்றாவது சீசன் முடிந்ததும் 2012 மே மாதம் அதை உருவாக்கிய டேன் ஹார்மனை நீக்கினார்கள். அவராக விலகவில்லை. நான்காவது சீசனை நடத்த டேவிட் குவாராசியோ, மோசஸ் போர்ட் என்று இரண்டு பேர் வந்தார்கள். திறமை இல்லாதவர்கள் இல்லை. ஆனால் ரசிகர்கள் கோபிப்பார்கள் என்று பயந்து, பழைய தொடர் எதையெல்லாம் செய்ததோ அதையெல்லாம் செய்து காட்டினார்கள். பகடி எபிசோட் ஒன்று, வித்தியாசமான வடிவத்தில் ஒன்று, ஏபெட் சினிமா பற்றிப் பேசுவது, ஜெஃப் கடைசியில் பிரசங்கம் செய்வது. பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சட்டை அதேதான், அளவும் சரிதான்.

அந்த சீசனில் எனக்குப் பிடித்த ஒரே எபிசோட், டீனாக நடிக்கும் ஜிம் ராஷ் எழுதியது. டிராயும் ஏபெட்டும் உடல் மாறிவிட்டதாக நடிப்பார்கள் இல்லையா, அது. வருடக்கணக்கில் அந்தப் பாத்திரங்களின் பக்கத்தில் நின்றவருக்கு அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று காதில் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அவர்கள் என்ன பேசினார்கள் என்று மட்டுமே தெரிந்திருந்தது.

ஹார்மன் ஐந்தாவது சீசனுக்குத் திரும்பி வந்து, அந்த வருடம் கல்லூரியில் கேஸ் கசிந்தது என்று ஒரு வரியில் கதையை முடித்தார். கொஞ்சம் கொடூரம்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கோடைமழை

படிப்பறை ஆறு, அந்த சட்டை உதாரணத்தை நான் இனி எல்லா இடத்திலும் பயன்படுத்தப் போகிறேன்.

மதியம் மூன்று மணி

நீங்கள் எல்லாம் சீசன் தொடர் ஆட்கள். இந்த பயத்தை வருடத்துக்கு ஒரு முறை அனுபவிப்பவர்கள் நாங்கள், அமெரிக்கப் பகல் நேர சோப் ரசிகர்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடும் தொடர். அங்கே தலைமை எழுத்தாளர் என்பவர் நீண்ட காலக் கதையை வகுப்பவர். அதை நாள்வாரியாகப் பிரிக்க ஓர் அணி, வசனம் எழுத இன்னோர் அணி. தமிழ் நெடுந்தொடர்களில் கதை, திரைக்கதை, வசனம் என்று டைட்டிலில் தனித்தனிப் பெயர் வருகிறதே, கிட்டத்தட்ட அப்படி.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எபிசோடுகள் வெகு முன்னதாகவே எழுதி, எடுத்து வைக்கப்படுகின்றன. ஆகவே 'புதிய தலைமை எழுத்தாளர் வந்துவிட்டார்' என்ற செய்தி வந்த பிறகும் பல வாரங்கள் திரையில் ஓடுவது பழையவர் எழுதியதுதான். செய்தி வந்த மறுநாளே 'பார்த்தாயா, வந்ததும் வராததுமாகக் கெடுத்துவிட்டான்' என்று எழுதுபவர்கள் உண்டு. விவரமானவர்கள் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். பெயர் மாறிய நாளிலிருந்துதான் கணக்கு.

மாறிய பிறகு என்ன ஆகும்? பழையவர் ஆறு மாதமாக வளர்த்த காதல் இரண்டு வாரத்தில் முறியும். புதியவருக்குப் பிடிக்காத பிள்ளை மாடிப்படி ஏறிப் போவான், இறங்கவே மாட்டான். அடுத்தவர் வந்து அவனை இறக்கினால், அதற்குள் கல்லூரி முடித்திருப்பான்.

இதையெல்லாம் மீறித் தொடர்கள் வாழ்கின்றன. கைடிங் லைட் 1937-ல் வானொலியில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. உருவாக்கியவர்களில் ஒருவரான இர்னா பிலிப்ஸ் 1973-லேயே இறந்துவிட்டார். எத்தனை கை மாறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் திட்டிக்கொண்டே பார்த்தோம்.

இழை மேற்பார்வை

இழையைத் தொடங்கியவர் வெஸ்ட் விங் ஐந்தாவது சீசனை இன்னும் பார்க்கவில்லை. கதை சொன்ன இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். மற்ற தொடர்களின் முடிவைச் சொல்லும்போதும் முதல் வரியிலேயே தொடரின் பெயரைப் போடுங்கள்.

தாள் கணக்கு

பழி போடுவது பற்றி மூன்று மணி சொன்னதற்கு இன்னொரு உதாரணம், தி சிம்ப்சன்ஸ்.

'தி பிரின்ஸிபல் அண்ட் தி பாப்பர்' என்ற எபிசோட் 1997 செப்டம்பரில் வந்தது. பள்ளி முதல்வர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே இல்லை, வேறு ஆள் என்று சொன்ன எபிசோட். தொடர் சரியத் தொடங்கிய இடம் என்று பல ரசிகர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அப்போது ஒன்பதாவது சீசன், புதிதாகப் பொறுப்பேற்றவர் மைக் ஸ்கல்லி. பழி முழுவதும் அவர் தலையில். ஆனால் அது முந்தைய தயாரிப்பு வரிசையில் மிச்சமிருந்த எபிசோட். ஏழு, எட்டு சீசன்களை நடத்தி இன்றும் எல்லோரும் கொண்டாடுகிற பில் ஓக்லி, ஜாஷ் வைன்ஸ்டீன் ஜோடிதான் அதற்குப் பொறுப்பு. தயாரிப்பு எண்ணைப் பார்த்தாலே தெரியும். யார் பார்க்கிறார்கள்!

ஸ்கல்லி காலத்து எபிசோடுகளில் எனக்கும் குறைகள் உண்டு. அதற்காக அவர் செய்யாததையும் அவர் கணக்கில் எழுத வேண்டுமா?

தூக்கம்கெட்டவன்

உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுத் துணிந்து போட்டேன். ஐந்தாவது சீசனின் முதல் சில எபிசோடுகள் முடிந்தன.

கடத்தல் முடிச்சை இரண்டே எபிசோடில் அவிழ்த்துவிட்டார்கள். மோசம் இல்லை. சபாநாயகராக நடிக்கும் ஜான் குட்மன் வந்து ஜனாதிபதி மேசையில் உட்காரும்போது நன்றாகவே இருக்கிறது. பிரச்சினை அதன் பிறகு. வெளிச்சம்கூடக் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. ஆட்கள் நின்று பேசுகிறார்கள். ஒருவர் முழு வாக்கியமும் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கிறார். முன்பு கோபம் வந்தால் இவர்களுக்கு வேடிக்கையும் சேர்ந்து வரும். இப்போது கோபம் வந்தால் கோபம் மட்டும் வருகிறது. ஒருவரை ஒருவர் நேசித்தவர்கள் திடீரென்று ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களாகிவிட்டார்கள்.

கோடைமழை சொன்ன அந்த ஒரு நொடி நிறுத்தம் இங்கேயும் இருக்கிறது. படித்ததால் கேட்கிறதா, உண்மையிலேயே இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

பழைய ஆன்டெனா

இருக்கிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். சோர்கின் இடத்துக்கு வந்த ஜான் வெல்ஸ் வெளியிலிருந்து குதித்தவர் இல்லை, முதல் நாளிலிருந்து அந்தத் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஈ.ஆர். தொடரை நடத்தியவர். ஒரே ஆள் எல்லாவற்றையும் எழுதிய இடத்தில் அவர் ஓர் எழுத்தாளர் அறையை உண்மையாகவே இயங்க வைக்க வேண்டியிருந்தது. முன்பு சோர்கினுக்குத் தகவல் தேடிக் கொடுத்தும், யோசனை சொல்லியும் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் முறையாக முழு எபிசோட் எழுதுகிறார்கள். ஒரு சீசன் தடுமாறாமல் எப்படி இருக்கும்? அவர்களில் டெபோரா கான் என்று ஒருவர் இருக்கிறார். பெயரைக் கவனித்து வையுங்கள், வேறெதுவும் சொல்லவில்லை.

என்டர்பிரைஸ் மாலுமி

மாறியதால் பிழைத்த தொடரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்.

முதல் இரண்டு சீசனில் எழுத்தாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தது. மூன்றாவது சீசன் தொடக்கத்தில், 1989-ல், மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்தார். அவர் கொண்டுவந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இந்த வாரக் கதை என்ன என்று கேட்பதற்கு முன் இந்த வாரம் யாருடைய கதை என்று கேட்டார். வேற்றுக்கிரகம் எதுவானாலும் சரி, கப்பலில் இருக்கும் ஒருவருக்கு அதனால் உள்ளே ஏதாவது நடக்க வேண்டும். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் திரைக்கதை அனுப்பலாம் என்று கதவையும் திறந்துவிட்டார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ரொனால்ட் டி. மூர்.

சோர்கின் முடிச்சோடு ஒப்பிட இதில் ஒரு சுவையான விஷயம். அந்த சீசனின் கடைசி எபிசோட் 1990 ஜூனில் வந்தது. கேப்டன் பிக்கார்டை 'போர்க்' என்ற வேற்றுக்கிரகக் கூட்டம் தங்களில் ஒருவராக மாற்றிவிடும். அவருக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் அந்தக் கூட்டத்தின் கப்பலைச் சுடச் சொல்லி உத்தரவிடுவார், திரை இருண்டுவிடும். எழுதியவர் பில்லர். அடுத்த சீசனுக்கு இருப்போமா, கிளம்பிவிடுவோமா என்ற யோசனையில் இருந்தவர் அவர். அதனால் இதை எப்படி அவிழ்ப்பது என்று தனக்கே தெரியாமல் எழுதினார். பிறகு தங்கிவிட்டார், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க வேண்டியதாயிற்று! இரண்டாம் பகுதி முதல் பகுதி அளவுக்கு இல்லை என்பார்கள். ஆக, போட்டவரே அவிழ்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்விக்குறி

மாலுமி சொல்வது என் கட்சிக்கு வலு. ரசிகர்கள் பயப்படுவது பழக்கம் போய்விடுமே என்று. தரம் போய்விடுமே என்று இல்லை.

கோடைமழை

இல்லை கேள்விக்குறி. நெக்ஸ்ட் ஜெனரேஷன் முதல் இரண்டு சீசனில் இழக்க என்ன இருந்தது? மாறினால் லாபம்தான். நாம் பேசுவது உச்சத்தில் இருக்கும்போது கை மாறுவதைப் பற்றி.

நடமாடும் பிணம்

தி வாக்கிங் டெட். ஃபிராங்க் டாரபாண்ட் இரண்டாவது சீசன் தயாராகும்போதே 2011-ல் நீக்கப்பட்டார். பிறகு கிளென் மஸாரா, பிறகு ஸ்காட் கிம்பிள். எட்டாவது சீசனுக்குள் நானே பாதி பார்த்துவிட்டுத் தூங்க ஆரம்பித்திருந்தேன். ஒன்பதாவதில், 2018-ல், ஏஞ்சலா காங் பொறுப்பேற்றார். இரண்டாவது சீசனிலிருந்தே அந்த அறையில் எழுதிக்கொண்டிருந்தவர். பார்ப்பவர்கள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தது, அது வேறு. விமர்சனங்கள் நிமிர்ந்தன. என் தூக்கமும் கலைந்தது.

உள்ளே இருந்து வருபவர் என்றால் நான் காத்திருந்து பார்ப்பேன். கில்லிங் ஈவ் மாதிரி சீசனுக்கு ஒரு தலைமை எழுத்தாளர் என்பதைக் கொள்கையாகவே வைத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். நான்கு சீசன், நான்கு பேர். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் முதல் சீசனில் வைத்த அந்தக் குறும்பு ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒழுகியது. 2022-ல் வந்த முடிவை, மூல நாவல்களை எழுதிய லூக் ஜென்னிங்ஸே வெளிப்படையாகக் கண்டித்தார்.

மதியம் மூன்று மணி

ஒரு சந்தேகம். முன்பு நடத்தியவரே திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஏங்குகிறோமே, அப்படி எங்காவது நடந்திருக்கிறதா?

தாள் கணக்கு

டெக்ஸ்டர். கிளைட் பிலிப்ஸ் நான்காவது சீசனோடு போனார், 2009. அந்தக் குளியல்தொட்டிக் காட்சியோடு. பிறகு வந்த சீசன்களையும் அந்த மரவெட்டி முடிவையும் திட்டாத ஆள் இல்லை. 2021-ல் அவரே திரும்பி வந்து நியூ பிளட் எடுத்தார். அதன் முடிவுக்கும் திட்டு விழுந்தது.

கோடைமழை

என்னிடமும் ஒன்று இருக்கிறது, என் கட்சிக்கே எதிராகப் போகும். இருந்தாலும் சொல்கிறேன். (கில்மோர் கேர்ள்ஸ் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போங்கள்.)

தொடரின் கடைசி நான்கு சொற்கள் என்னவென்று பல்லடீனோ ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருந்தார். இடையில் விலகியதால் அவற்றைச் சொல்ல முடியாமல் போனது. 2007-ல் வேறொருவர் கையில் தொடர் முடிந்தது. மகள் ரோரி பட்டம் பெற்று, ஒபாமாவின் பிரச்சாரத்தைப் பின்தொடரும் நிருபராகப் பேருந்து ஏறப் போகிறாள். அந்த நான்கு சொற்களுக்காக நாங்கள் ஒன்பது வருடம் காத்திருந்தோம். 2016-ல் அவர் திரும்பி வந்து, நெட்ஃபிளிக்ஸில் நான்கு நீண்ட எபிசோடுகள் எடுத்து, கடைசியில் அவற்றைச் சொன்னார். ரோரி கர்ப்பம்.

இருபத்திரண்டு வயதில் ரோரி அதைச் சொல்லியிருந்தால், அம்மாவின் கதை மகளுக்குத் திரும்பி வருகிறது என்று இடி மாதிரி இறங்கியிருக்கும். முப்பத்திரண்டு வயதில் சொல்கிறாள். அந்த வயதில் அது ஒரு செய்தி, அவ்வளவுதான். பாத்திரத்துக்கு வயதாகிவிட்டது, முடிவுக்கு வயதாகவில்லை. அதற்காக ரோரியின் நடுவில் இருந்த ஒன்பது வருடத்தையும் தேங்க வைத்திருந்தார், வேலையில்லாமல், வீடில்லாமல், பழைய காதலனோடு திருட்டுத்தனமாக. நான் அவ்வளவு வெறுத்த ஏழாவது சீசனின் கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன். ரோரிக்கு நல்லது செய்தது அந்தப் புது ஆள்தான்.

அதற்காக அந்த ஒரு நொடி நிறுத்தத்தை மன்னிக்கவில்லை.

பழைய ஆன்டெனா

டாக்டர் ஹூவிலும் டேவிஸ் திரும்பி வந்தார், 2023-ல். மொஃபாட்டுக்குப் பிறகு வந்த கிறிஸ் சிப்னல் காலத்தில் டாக்டரின் பிறப்புக் கதையையே மாற்றியதில் கொதித்திருந்தவர்கள், இவர் வந்து அதை அழித்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அழிக்கவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று டாக்டரையே அதைச் சுமக்க வைத்தார். முந்தைய ஆள் எழுதியதை மதிக்கிற புதிய ஆளாகத்தான் அவர் வந்தார். பழைய ஆளாக வருவார் என்று காத்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு தொடர் கை மாறும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். அறையில் ஏற்கனவே இருந்தவர்களில் யார் மிச்சம்? புதியவர் முந்தையவரின் வசனத்தைப் போலி செய்கிறாரா, தன் வசனத்தைத் தேடுகிறாரா? போலி என்றால் நான்கைந்து எபிசோடிலேயே எழுந்துவிடுவேன். தேடுகிறார் என்றால், மோசமாக இருந்தாலும், ஒரு சீசன் கொடுப்பேன். வெஸ்ட் விங் ஐந்தாவது சீசன் தேடுகிற வகை. சோர்கின் மாதிரி பேச அவர்கள் முயலவே இல்லை என்பதுதான் உங்களுக்கு இப்போது வலிக்கிறது, தூக்கம்கெட்டவன்.

படிப்பறை ஆறு

சார், கம்யூனிட்டி நான்காவது சீசனை நான் முழுவதும் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

பழைய ஆன்டெனா

நானும்தான் பார்த்தேன். மேலே எழுதியது கொள்கை.

தூக்கம்கெட்டவன்

'தி சுப்ரீம்ஸ்' பார்த்துவிட்டேன். உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதி தேடும் எபிசோட். முடிந்து எழுதியவர் பெயரைத் தேடினால், டெபோரா கான். ஆன்டெனா சார், கும்பிடு.

இதில் ஜோஷ் ஒரு யோசனையோடு ஓடி வருகிறான். கிறுக்குத்தனமான யோசனை, ஆனால் அவனுக்கு முகமெல்லாம் பிரகாசம். டோபி முதலில் முறைக்கிறான், அப்புறம் மெல்ல மெல்ல அதில் தொற்றிக்கொள்கிறான். இரண்டு பேரும் பழையபடி ஒருவர் வாக்கியத்தை ஒருவர் பறிக்கிறார்கள். வேகம் சோர்கின் வேகம் இல்லை, சங்கீதமும் வேறு. ஆனால் இவர்கள் அவர்கள்தான். அத்தனை எபிசோடாகக் காணாமல் போயிருந்தவர்கள் வந்துவிட்டார்கள்.

நடுவில் இரண்டு எபிசோட் அறுவை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சப்டைட்டில்

ஆறாவது சீசனுக்குப் போகும் முன் கதை சொல்லாமல் ஒரு தகவல் மட்டும். அதில் ஒரு புது அரசியல்வாதி வருவார். அவரை எழுதும்போது எலி அட்டி என்ற எழுத்தாளர் (முன்பு அல் கோருக்கு உரை எழுதியவர், சோர்கின் காலத்திலிருந்தே அறையில் இருப்பவர்) 2004 மாநாட்டு உரையால் கவனம் பெற்றிருந்த பராக் ஒபாமாவைப் பற்றி அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்ஸல்ராடிடம் விசாரித்து எழுதினார். ஒபாமா ஜனாதிபதியாவதற்கு நான்கு வருடம் முன்பு! சோர்கின் இருந்திருந்தால் அந்தப் பாத்திரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பார்ட்லெட்டை விட்டு அவர் கண்ணை எடுத்திருக்க மாட்டார்.

கோடைமழை

சரி, ஏழாவது சீசனில் டோபிக்குச் செய்வதை மட்டும் இப்போதே யாரும்

இழை மேற்பார்வை

கோடைமழை, வேண்டாம்.

கோடைமழை

நிறுத்திவிட்டேன். அவர் அங்கே வந்து சேரட்டும், பிறகு எழுதுகிறேன். நிறைய எழுதுவேன்.

தூக்கம்கெட்டவன்

இப்போதே வயிற்றைக் கலக்குகிறதே. போகட்டும், வந்து சேர்கிறேன். இதை முடித்ததும் டாக்டர் ஹூ ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். டேவிஸிலிருந்தா, மொஃபாட்டிலிருந்தா, பழைய 1963-லிருந்தா?

பழைய ஆன்டெனா

2005, முதல் எபிசோட். மற்றதற்குத் தனி இழை திறங்கள், இங்கே ஆரம்பித்தால் மேற்பார்வை என்னையும் எடுத்துவிடுவார்.